பதினோரு புழுக்க மனுக்கள்

“வீட்டுக்குப் போனப்புறம் இவங்களுக்கு ஆபீஸ்ல எப்படி சார் வேர்க்குது?”

மானேஜர் பதினோரு மனுக்களை என்ஜினீயர் முன்னால் விரித்துப் போட்டார். எல்லாம் நாலாவது மாடி ஃபைல் செக்‌ஷன் அம்மாள் எழுதியவை. ‘மனு அக்கா’ என்றே ஆபீசில் பெயராகிவிட்டது. பதினொன்றிலும் ஒரே சங்கதி: ஆறு மணிக்கு மேல் புழுக்கம் தாங்கவில்லை, ஏசி எட்டு வரை ஓட வேண்டும்.

வருகைப் பதிவேட்டிலோ, அம்மாள் தினமும் ஐந்தரைக்கே கிளம்பியிருந்தார்.

கட்டடம் எழும்பும் முன்பே அதைக் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்து, எந்த அறையில் எப்போது எவ்வளவு புழுங்கும் என்று கணித்துச் சொல்வது என்ஜினீயரின் தொழில். அரை டிகிரி பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. ஐந்தரைக்கு ஏசியை நிறுத்தலாம், யாருக்கும் சிரமமில்லை என்று சொன்னதே அவர் கணக்குதான்.

பொய்ப் புகார் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அம்மாளை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறேன் என்றார் மானேஜர்.

எழுதும் முன் என்ஜினீயர் அம்மாளிடமே கேட்டார்.

“மாத்தினா மாத்தட்டும். நீங்க ஒரு தடவை ஆறரைக்கு மேல வந்து பாருங்க தம்பி.” அம்மாள் மறுபடி ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்.

அன்றே ஆறரைக்கு மேல் என்ஜினீயர் நாலாவது மாடிக்குப் போனார். மேற்குப் பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. வெப்பமானி முப்பத்து மூன்று காட்டியது. உள்ளே மூன்று பெண்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குத் தலை சுற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நீங்களே சொல்லியிருக்கலாமே என்றார் என்ஜினீயர்.

“சொன்னோம் சார். எங்களை மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்க கொடுத்தா ஆபீஸ்ல மனுவை வாங்க மாட்டாங்களாம். இன்னொரு தடவை கேட்டா வேலைக்கே வர வேணாம்னுட்டாங்க. அக்காதான், என் பேர்ல எழுதிக்கறேன், நீங்க சும்மா இருங்கடின்னாங்க.”

மறுநாள் காலை மானேஜர் ஆவலாகக் கேட்டார்.

“என்ன சார், பொய்தானே?”

“பொய்தான். ஆனா அந்தம்மா எழுதினது இல்ல. சாயங்காலம் அந்த மாடியில ஆள் பூஜ்யம்னு கம்ப்யூட்டர்ல நான் அடிச்சேனே, அது.”