எதிரெதிரே இரண்டு போன்கள்

வளைகுடாவில் தொழிலாளர்கள் தங்கும் சோனாப்பூரின் மருந்துக்கடைக் கவுண்டர் வரைக்கும் சாயங்கால வெயில் நீண்டு கிடக்கிறது. இன்சூரன்ஸ் கார்டு செல்லாது என்கிறது கம்ப்யூட்டர். கொத்தனார் சோலையப்பன் தன் போனையும் ரூம்காரன் போனையும் ஸ்பீக்கரில் போட்டு, கண்ணாடி மேல் நேருக்கு நேராகப் படுக்க வைக்கிறார். "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ரெண்டு பேரும் நேராவே பேசிக்கிடட்டும்மா" என்கிறார், கடைக்காரப் பெண் சங்கீதாவிடம். ஒன்றில் கம்பெனி ஆபீஸ் பேசுகிறது: "புது ரூல் பாய், இன்சூரன்ஸ்காரன் கேன்சல் பண்ணிட்டான்." மற்றதில் இன்சூரன்ஸ்காரர்: "ரூல் மாறிடுச்சு சார், கேன்சல் பண்ணது உங்க கம்பெனிதான்." சோலையப்பன் முதல் போனிடம் குனிகிறார். "கேட்டுச்சா சார், அவரு சொல்றது?" பிறகு இரண்டாவதிடம். "அப்ப யாருதான் சார் கேன்சல் பண்ணுனது?" சற்று லைனில் இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு போனும் பாடத் தொடங்குகின்றன. ஒன்றின் பாட்டை மற்றது கேட்டுக்கொண்டிருக்கிறது. நடுவே, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த அவருடைய இன்சுலின் பெட்டி வேர்க்கிறது. சிமெண்டு ஒட்டிய விரலால் அந்த ஈரத்தை அவர் மெல்ல ஒற்றி எடுக்கிறார். சங்கீதா அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறாள். சோலையப்பன் தலையாட்டுகிறார். "ஆமாம்மா, உள்ளயே வைங்க. வெளிய இருந்தா கெட்டுப்போயிரும்."