டீமேக்கரின் சாட்சி

கோழிப் பண்ணை முதலாளியின் வேனில், அதுவும் முன் சீட்டில், தேயிலை பெக்டரி டீமேக்கர் மதுசூதனன் வந்து இறங்கியதைப் பார்த்ததும் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு வயிறு எரிந்தது.

"பாத்தியாக்கா, ஆள வாங்கிட்டானுங்க," என்றான் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற சுமன்.

"வாய மூடு. அந்த ஐயா அப்பிடிப்பட்டவரு இல்ல," என்றாள் சுதர்ஷினி. அவள் இடுப்பில் மகள் கேஷிகா. நாலு வயதுப் பிள்ளை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. பிறக்கும்போது அந்தச் சத்தம் இல்லை, பண்ணை வந்த பிறகுதான்.

லிந்துலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கஜேந்திரன் முதலாளி கோழிப் பண்ணை போட்டிருந்தார். நாலு பக்கமும் மூடிய நீளக் கொட்டகைகள். உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கோழிகள். அவற்றின் எச்ச நாற்றத்தை வெளியே தள்ள ஆள் உயரத்தில் காற்றாடிகள். அந்தக் காற்றாடிகள் லயத்தைப் பார்த்துத்தான் சுற்றின. மகாராசன் தன் வீட்டை மட்டும் டவுனில் கட்டியிருந்தார்.

மனு மேல் மனு போட்டு, இன்றைக்குத்தான் விசாரணைக்கு ஒரு சுற்றாடல் அதிகாரி வந்திருந்தார். நாற்றம் உண்டு என்று அவர் எழுதினால் போதும். காற்றாடியைத் திருப்ப வேண்டும், இல்லை பண்ணையை மூட வேண்டும். பிள்ளைகள் மூச்சு விடும்.

வந்தவருக்கோ நல்ல தடிமன். நாற்றம் பார்க்க மூக்கடைத்த ஆளை அனுப்பி வைத்த புண்ணியவான்களை என்னவென்று சொல்வது! கைக்குட்டையில் மூக்கைச் சீந்திவிட்டு, "எனக்கு ஒண்ணும் விளங்கல்லையே," என்றார்.

போதாததற்கு முதலாளி காலையிலேயே பாதிக் காற்றாடிகளை நிறுத்தி, ஆபீஸ் வாசல் முழுக்கப் பினாயில் ஊற்றி வைத்திருந்தார். மீதிப் பாதியே குடலைப் பிரட்டியது.

"இன்னைக்கு மட்டுந்தாங்க சார் இப்பிடி! மத்த நாள்ல சோத்துல கை வைக்க ஏலாதுங்க!" சுதர்ஷினி வேலிக்கு வெளியே நின்று கத்தினாள்.

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஒரு அறை விடலாம்.

"இதுங்க பேச்ச விடுங்க சார், கத்துறதே இதுங்களுக்கு வேல. நம்ம டீமேக்கரய்யாகிட்ட கேளுங்க. கொழுந்த மோந்து பாத்தே பதம் சொல்ற ஆளு. தோட்டத்துத் தொரை இவருக்குச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் குடுக்கிறதே அந்த மூக்குக்குத்தான். அந்தக் குவார்ட்டர்ஸும் எங்க காத்தாடிக்கு நேர் கீழதான் இருக்கு."

"கேளுங்க சார், ஐயாவே சொல்லட்டும்!" என்றாள் சுதர்ஷினி. மலை முழுக்கத் தேடினாலும் அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

டீ வந்தது. முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே துப்பினார்.

"பாலு அடிப்புடிச்சு நாறுது. இத மனுசன் குடிப்பானா? எடுத்துட்டுப் போ!" என்று சமையல்காரன்மேல் பாய்ந்தார்.

மதுசூதனன் அதற்குள் தன் கோப்பையைக் காலி செய்திருந்தார். "நல்லாத்தான் இருந்துச்சுங்க முதலாளி," என்றார்.

சுமன் காறித் துப்பினான். "முதலாளி குடுத்தா கருகினதும் இனிக்குது பாரு இந்த ஆளுக்கு! தூ!"

அதிகாரி பேனாவை எடுத்தார். "சொல்லுங்க ஐயா, பண்ணையில இருந்து நாத்தம் வருதா?"

மதுசூதனன் முதலாளியைப் பார்த்தார். கேஷிகா இருமிக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"எனக்கு அப்பிடி ஒண்ணும் தெரியலீங்க சார்."

அவ்வளவுதான். மலைக்கே பேர் போன மூக்கு சொன்ன பிறகு மூக்கடைத்தவர் வேறு என்ன எழுதுவார்? முறைப்பாட்டில் உண்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். முதலாளி அவரை ஜீப் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

வாசலுக்கு வந்த மதுசூதனனைச் சுதர்ஷினி மறித்தாள்.

"எம் புள்ள மூச்சுக்குத் தவிக்கிறது ஒங்க காதுல விழல்லயா? ஒங்களத்தானேய்யா நம்புனோம்! நீங்கல்லாம் ஒரு மனுசனா?"

அவர் ஒதுங்கிப் போகப் பார்த்தார். சட்டை கசங்காமல் உத்தியோகம் பார்க்கிற பெரிய மனிதர். லயத்துப் பிள்ளையின் மூச்சு அவருக்கு எம்மாத்திரம்?

"எத்தன கோழிக்குய்யா வெல போன?" என்று சுமன் ஒருமையிலேயே கேட்டான். இதுவரை அந்தத் தோட்டத்தில் யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுதர்ஷினி அழுதபடி கீழே இறங்கினாள். லயத்து ஆட்கள் ஆளுக்கு ஒரு வசவோடு அவள் பின்னால் போனார்கள். அவர்கள் திருப்பம் தாண்டுவதற்குள் எல்லாக் காற்றாடிகளும் மறுபடி சுற்றத் தொடங்கின.

மதுசூதனன் ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி தன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, மறு கையால் அவர் தோளைத் தட்டினார்.

"பயப்படாம வீட்டுக்குப் போங்க, எங்க காத்தாடிக் காத்துல மூக்கே செத்துப்போச்சுன்னு போன வருசம் எங்கிட்ட வந்து அழுதீங்களே, அத நான் தொரைகிட்ட சொல்ல மாட்டேன்."