காலமான கங்காதரன்

"செத்தவன் மூஞ்சி இப்படித்தான் இருக்குமா? நல்லா பாத்து சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே அச்சாபீஸுக்குள் நுழைந்தார் கங்காதரன்.

அச்சுக் கோத்துக்கொண்டிருந்த வேலாயுதம் கையிலிருந்த எழுத்தைக் கீழே வைத்தான். 'ரங்கூனிலிருந்து திரும்பிய தோல் தரகர் கங்காதரன் காலமானார். அன்னாருக்கு மனைவி இருக்கிறார்' என்ற செய்தி போன வாரப் பத்திரிகையில் அவன் கையால் கோத்தது.

"உக்காருங்க" என்றார் ரங்கூன் அம்மா, படித்துக்கொண்டிருந்த புரூஃபிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆம்பூரில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது தன்னந்தனியாகக் காடு மலை தாண்டி, ஆளே அடையாளம் தெரியாமல் வந்து சேர்ந்தவர். இதே அச்சாபீஸில் காகிதம் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு இதையே விலைக்கு வாங்கி, வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். பொம்பளைக்கு எதற்குப் பத்திரிகை என்று சிரித்த தோல் ஷாப் முதலாளிகள், இப்போது பத்திரிகை வரத் தாமதமானால் ஆள் அனுப்புகிறார்கள்.

கங்காதரன் உட்காரவில்லை. "பள்ளிகொண்டாவுல எங்க தம்பி மொட்டையே அடிச்சிக்கிட்டாரு! யாருங்க குடுத்தது இந்தச் சேதிய?"

"குடும்பத்துல இருந்துதான் வந்துச்சு."

"எனக்கேது குடும்பம்? இனிமேதான் கல்யாணமே!"

அவர் பின்னால் நின்றிருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். குடியாத்தத்து லுங்கி வியாபாரி கோவிந்தராஜ். அவர் மகள் பூரணிக்கும் கங்காதரனுக்கும் வருகிற தை மாதம் கல்யாணம்.

"இவரு சாகலைன்றது கண்ணால பாத்தா தெரியுதும்மா. அது பரவால்ல" என்றார் கோவிந்தராஜ். "மனைவி இருக்கிறார்னு போட்டுட்டீங்களே, அதுக்குத்தான் வந்தேன். ஊரே கேக்குது. ஒரே பொண்ணும்மா எனக்கு."

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டான். பூரணியின் கல்யாணப் பத்திரிகையும் இங்கேதான் அச்சானது. மாப்பிள்ளை பெயரைக் கோக்கும்போதே, "இதே பேரு சாவுச் சேதியிலயும் இருக்கேம்மா" என்று கேட்டிருந்தான். "ரெண்டையும் அடி" என்று சொல்லிவிட்டார் அம்மா. இன்னும் ஒரு தரம் அழுத்திக் கேட்டிருக்கலாம். இன்றைக்கு வேலை போனால் வேறு எங்கே போய் நிற்பது?

"தப்பு என்னோடதுதாம்மா" என்று முனகினான்.

"நீ சும்மா இரு." ரங்கூன் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கங்காதரனை ஏற இறங்கப் பார்த்தார். "ரங்கூன்ல கூடக் கல்யாணம் ஆகலையா?"

"எங்கயும் ஆகலைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெரியவரு பக்கத்துல நிக்கிறாரு."

"இன்னாங்க யோசிக்கிறது? ரங்கநாதர் சத்தியமா நான் பிரம்மச்சாரி!"

கோவிந்தராஜின் முகம் தெளிந்தது. ரங்கூன் அம்மாவும் தலையாட்டினார். "சரி. பத்திரிகைன்னா உண்மையத்தான் போடணும். திருத்தம் போட்டுடலாம். வேலாயுதம், எழுத்தை எடு."

அவர் நின்ற இடத்திலிருந்தே சொல்லச் சொல்ல வேலாயுதம் கோத்தான். 'கங்காதரன் காலமாகவில்லை. நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.'

கங்காதரன் இப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்படி வாங்க வழிக்கு. இதை முன்னாடியே பண்ணியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல."

வேலாயுதத்துக்கும் மூச்சு வந்தது. மிச்ச வேலையையும் ஒழுங்காக முடித்துவிட நினைத்து, "மனைவி இருக்கிறார்ன்றதுக்கும் ஒரு திருத்தம் கோத்துடவாம்மா?" என்று கேட்டான்.

ரங்கூன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் புரூஃபைக் கையில் எடுத்தார்.

"அதுக்கு எதுக்குத் திருத்தம்? நான் உயிரோடதானே இருக்கேன்!"