எழுபதில் நிற்கும் பாதரசம்

எழுபத்திரண்டு.

எழுபத்தொன்று.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். விட்டால் அந்தக் காற்றும் எங்காவது சந்து பார்த்துக் குடுவைக்குள் நுழைந்துவிடும் என்று பயம்.

பின்பக்கத்து பால்கனிதான் ஆய்வகம். துணிக்கொடியில் ரப்பர் குழாய்கள் தொங்கின. சின்ன அடுப்பின்மேல் பிச்சிப்பூக் கூழ் நிரப்பிய குடுவை, பக்கத்தில் அதன் காற்றழுத்தத்தைக் காட்டும் பாதரசக் குழாய். சலவைத் தொட்டியின் குழாய் வாயில் ஒரு சின்னக் கண்ணாடி உறிஞ்சி. தண்ணீர் அதன் வழியாகப் பாயும்போது குடுவையின் காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். காற்று குறைந்தால், கை பொறுக்கும் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும்.

பிச்சிப்பூ அந்தச் சூட்டைத்தான் தாங்கும். மேலே போனால் வெந்துவிடும். சொட்டுவது வாசனையாக இருக்காது, கீரைத் தண்ணீராக இருக்கும்.

முப்பத்தொரு வருடம் சர்க்கரை ஆலையில் அவர் இப்படித்தான் பாகு காய்ச்சினார். அங்கே பம்ப் ஒவ்வொன்றும் யானை. விட்டால் ஆற்றையே உறிஞ்சிவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கும். இங்கே இருப்பது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒரே குழாய். அதில் பதினெட்டு குடும்பங்களுக்குப் பங்கு.

ஒன்பது நாளாகப் பாதரசத்தைப் பார்த்துப் பார்த்து, குடியிருப்பின் ரகசியமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐந்து மில்லிமீட்டர் ஏறினால் முதல் மாடியில் பாத்திரம் கழுவுகிறார்கள். இருபது ஏறினால் யாரோ துணி மெஷின் போட்டிருக்கிறார்கள். ஐம்பது ஏறி, இறங்கவே மறுத்தால், மூன்றாம் மாடி ஜெபமணி குளிக்கிறார். அந்த மனிதர் குளித்தால் தாமிரபரணியே ஒரு சாண் இறங்கும்.

அதனால்தான் இன்று காலை வீடு வீடாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். பத்திலிருந்து பதினொன்று வரை யாரும் குழாயைத் தொடவேண்டாம்.

எதற்கு என்று சொல்லவில்லை.

மனைவி பிரமுவுக்கும் சொல்லவில்லை. போன ஆடியில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பெருங்காயம் தெரியாது. மழை தெரியாது. டாக்டர், வந்தால் வரும் என்றார்.

ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து தெருவே நாறியது. அவள் அதே அடுக்களையில், முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பூ வைப்பதை விட்டாள். நாற்பது வருடமாகப் பிச்சியில்லாமல் வாசல் தாண்டாதவள்.

ஆயிரம் பூவை ஒரு சொட்டில் அடைத்துக் காட்டினால்? செத்த மூக்கும் எழுந்து உட்காராதா?

அறுபத்தெட்டு. குடுவை நுரைத்துப் பொங்கியது. அவர் ரப்பர் குழாயின் கிளிப்பை ஒரு மயிரிழை தளர்த்தினார். கொஞ்சம் காற்று உள்ளே போனது.

எழுபது.

பூங்கூழ் நிதானமாகப் புரண்டு கொதித்தது. எதிர்முனையில் முதல் சொட்டு திரண்டு தொங்கியது.

மேலே யாரோ பாடினார்கள்.

எண்பது. நூறு. நூற்றிருபது.

கொதி அடங்கியது. சொட்டு விழவில்லை.

அவர் ஓடினார். அறுபத்தெட்டு வயது முழங்காலோடு மும்மூன்று படியாகத் தாவியதாக இன்றுவரை சாதிக்கிறார்.

"ஜெபமணி சார்! குழாய மூடுங்க!"

"பாதி சோப்புல நிக்கேன் சார்! கண்ணத் திறக்க முடியல!"

"கண்ண மூடிக்கிட்டே மூடுங்க!"

சொல்லி முடித்தபோதுதான் நினைவு வந்தது. அடுப்பை அணைக்கவில்லை.

திரும்பி வந்தபோது, கொதிக்காமல் நின்ற கூழ் குடுவையின் அடியில் படிந்து கருகியிருந்தது. ஆயிரம் பூ. ஒன்பது நாள்.

அவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளறையில் பிரமு கதவைச் சாத்திப் படுத்திருந்தாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க! என்னத்த அடிப்பிடிக்க விட்டிய?"

அடுப்பை அணைக்கப் போன கை அப்படியே நின்றது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் பால்கனி வாசலுக்கு வந்தாள்.

"குடலப் புரட்டுது. இதுகூடவா தெரியல? மூக்கு எங்க போச்சு உங்களுக்கு?"

அவருக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். குடுவையைப் பார்த்தாள்.

முந்தானையை மெல்ல விலக்கினாள். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தாள். இருமினாள்.

மறுபடி இழுத்தாள்.

"மூடிட்டேன் சார்!" மேலேயிருந்து ஜெபமணி கத்தினார்.

பாதரசம் இறங்கியது. நூறு. எண்பது. எழுபதில் வந்து, ஆணி அடித்தாற்போல நின்றது.

பார்க்க ஆளில்லை.