எதிர்ப்பொருள்

"இது தலைப்பிள்ளைதானா?" சிவகாசியில் தம் கிளினிக்கில், டாக்டர் தேவமணி இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"ஆமா டாக்டர்," என்றாள் ஐந்து மாதக் கர்ப்பிணியான முத்துச்செல்வி. அருகில் அவள் கணவன் ஊர்க்காவலன் அமர்ந்திருந்தான்.

"உன் ரத்தம் நெகட்டிவ். பாசிட்டிவ் ரத்தம் ஒரு தடவை கலந்தாத்தான் உடம்பு அதுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும். பெரும்பாலும் முதல் பிரசவத்துல பிள்ளையோட ரத்தம் கலக்கும். அப்பவே ஊசி போட்டா, உண்டாகாமலே தடுத்துரலாம். உனக்கு இப்பவே அந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்கு. அது குழந்தையோட ரத்த அணுக்களை அழிக்கும். மதுரைக்குப் போனாக் காப்பாத்தலாம்."

ஊர்க்காவலன் எழுந்தான். "அப்ப இதுக்கு முன்னாடி எவன் பிள்ளையடி கலைச்சே?" சன்னல் வழியே காறித் துப்பினான். "தூ! எச்சி இலையிலயா இம்புட்டு நாளாச் சோறு தின்னேன்?"

"உக்காருங்க," என்றார் டாக்டர். "வேற ரத்தம் ஏத்துனாலும் இப்படி வரும். எப்பவாவது ஏத்துனாங்களாம்மா?"

முத்துச்செல்வி ரவிக்கைக் கையை உயர்த்தித் தீத்தழும்பைக் காட்டினாள். "பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம் வெடிச்சப்ப ஒரு பாட்டில் ஏத்துனாக. நெகட்டிவ் எங்கயும் கிடைக்கல. உசிரு போற அவசரத்துல பாசிட்டிவைத்தான் ஏத்துனாக."

"கொடுத்தது யாரு?"

"இவுகதான். அதைச் சொல்லித்தான் பொண்ணு கேட்டு வந்தாக."

ஊர்க்காவலன் அமர்ந்தான். அவள் தோளை நோக்கி நீண்ட அவன் கையை அவள் விலக்கினாள்.

"தொடாதீக. உங்க ரத்தம் வேணாம்னு என் உடம்பு அன்னைக்கே சொல்லிருக்கு. எனக்குத்தான் வெளங்கல."