ஈர விறகு

"இவளைப் பாருங்க மாப்ள. பல்லு அடிச்சுக்குது. இப்படியே விட்டா தாங்க மாட்டா."

மச்சான் சொன்னதும் அவன் மனைவியின் பக்கம் திரும்பினான். பாறை இடுக்கில், நனைந்த துணியோடு, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். தோள்கள் விட்டுவிட்டு நடுங்கின. தன் மேல்சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். அதுவும் ஈரம்தான்.

இந்தப் பயணம் மச்சானின் ஏற்பாடு. அப்பா இறந்ததிலிருந்து பல மாதங்களாகத் தங்கை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மலைமேல் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்கினால் மனசு லேசாகும் என்றார். மழை வந்து கூடாரத்தைச் சாய்த்துவிட்டது. கார் அடிவாரத்தில் நின்றது. வழுக்குப் பாறைகளில் அவளை இறக்கிக் கூட்டிப் போவது நடக்காத காரியம். இருந்த ஒரே தீப்பெட்டி மச்சானின் சட்டைப் பையில் கூழாகிக் கிடந்தது.

மச்சான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். மழை விட்டுக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தபோதே கேமராவின் லென்ஸைக் கழற்றிச் சருகின் மேல் பிடித்துப் பார்த்தார். ஒளி ஒரு பொட்டாக விழுந்ததே தவிர, புகை வரவில்லை. குளிர்பான டப்பாவின் அடிப்பக்கத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார். அது பளபளக்கத் தொடங்கியபோது சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. குச்சியோடு குச்சியைக் கடைந்ததில் உள்ளங்கை கன்றியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாறைமேல் கொட்டினார். அதிலிருக்கும் எண்ணெய்க்கு மெழுகுவத்தி போல நின்று எரியுமாம். ஆனால் முதல் பொறிக்கு எங்கே போவது?

"நம்ம குடும்பத்துல ஒருத்தராவது பீடி குடிக்கிறவரா இருந்திருக்கலாம்" என்றாள் அவள். யாரும் சிரிக்கவில்லை.

சரிவின் கீழே எதுவோ கிளையை முறித்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக் கேட்டார்கள். மறுபடி முறியும் சத்தம், கொஞ்சம் பக்கத்தில். பிறகு இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும்.

மச்சான் டார்ச்சை அந்தப் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினார்.

"நீங்க கரண்டு வேலை பாக்குறவர். ஒரு பொறி உண்டாக்கத் தெரியாதா?"

"காட்டுல கரண்டுக்கு எங்க போறது மச்சான்? எனக்கு அதெல்லாம் தெரியாது."

கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டான். மச்சான் மறுபடி கேட்கவில்லை.

காய்ந்த துணி தேடிப் பையைக் கவிழ்த்ததில் சாமான்கள் பாறைமேல் பரவிக் கிடந்தன. தட்டு, கரண்டி, பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு. அவன் பார்வை அங்கே போனது, விலகியது, மறுபடியும் போனது. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டான். ஆள் யாராவது வருவார்களா என்று பாதையைப் பார்த்தான். பாதையே இருட்டில் கரைந்துகொண்டிருந்தது.

பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தான்.

"என்னம்மா?"

"இப்பக் குளிரவே இல்லைங்க" என்றாள் அவள். தலை ஒருபக்கம் சாய்ந்தது. "தூக்கமா வருது. கொஞ்சம் தூங்கிக்கிறேனே."

குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் குளிர் தெரியாது, தூக்கம்தான் வரும் என்று எங்கோ படித்திருந்தான். கன்னத்தைத் தட்டினான். கண் திறக்கவில்லை. உலுக்கினான். துணிமூட்டை போல அசைந்தாள்.

அவன் எழுந்தான்.

மச்சான் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கித் திருகி, பேட்டரிகள் இரண்டையும் உருவினான். ஒன்றை மட்டும் தலைகீழாக மாற்றி இரண்டையும் அருகருகே வைத்தான். சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் செம்புக் கம்பியை எடுத்து, அடிப்பக்கத்தில் இரண்டையும் இணைத்து, மேலே கொண்டுவந்து குறுக்கே சுற்றி, நுனியைச் சின்ன வளையமாக மடக்கி முடிச்சிட்டான். வேலைக்குப் போகும் இடங்களில் எந்தக் கம்பியைக் கட்டினாலும் கை தானாகப் போடும் முடிச்சு அது. விறகின் ஈரப் பட்டையைக் கத்தியால் சீவி, உள்ளேயிருந்த காய்ந்த சிராய்களைச் சிப்ஸின் மேல் குவித்தான். கம்பிப் பஞ்சை மெல்லிதாகப் பிரித்துப் பேட்டரிகளின் மேல்முனைகள் இரண்டிலும் தொட்டான்.

பஞ்சுக்குள் சிவப்புப் புழுக்கள் ஓடின. அவன் ஊதினான். சிப்ஸ் சுருண்டு, கறுத்து, பற்றிக்கொண்டது.

கட்டைகளில் நெருப்பு ஏறியதும், அழுகையும் சிரிப்புமாக அவளை இழுத்து அணைத்து, அவள் கைகளை நெருப்பின் பக்கம் நீட்டிப் பிடித்தான். "கண்ணைத் திற. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். கைகளை அவனிடமிருந்து விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் கீழே போட்டிருந்த பேட்டரிகளை எடுத்துச் செம்பு முடிச்சை நெருப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மெல்லத் தலையசைத்தார்.

"எங்கப்பா கடை எரிஞ்ச சாம்பல்ல நாங்க பொறுக்கி எடுத்த செம்புக் கம்பியிலயும் இதே முடிச்சுதான்" என்றாள். குரலில் துளி நடுக்கம் இல்லை. "அன்னைக்கு அப்பா உள்ள தூங்கிட்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."