மூன்று விநாடி மாப்பிள்ளை

“ஒண்ணரை மணி நேரந்தானுங்க மாமா! அடிவாரத்துக் காரவள்ளியில இருந்து போன் பண்ணுனேன்ல, அப்பக் கெளம்புனது” என்றபடி அருள்பிரகாஷ் சிவப்புக் காரிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்பதைவிட எழுந்தான் என்பதே சரி. அந்தக் கார் தரையோடு தரையாக அவ்வளவு தாழ்வாகப் படுத்திருந்தது.

பூபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொல்லிமலைக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஓய்வுபெற்ற பிறகும் கீழே இறங்க மனமில்லாமல் சோளக்காட்டுப் பக்கமே வீடு கட்டிக்கொண்டவர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பெற்ற பிள்ளைகளைப் போல ஒவ்வொன்றாகக் குணம் சொல்லுவார்.

அவருடைய ஒரே மகள் ஹேமலதா. கோயம்புத்தூரில் கூட வேலை பார்க்கும் அருள்பிரகாஷைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். போன மாதம் அவன் பெண் கேட்டு வந்தபோது பூபதி படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியுமா என்றுதான் கேட்டார்.

பையன் அங்கேதான் வாயைக் கொடுத்தான். “நம்முளுது ஸ்போர்ட்ஸ் காருங்க மாமா. நின்ன எடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்க மூணே செகண்டுங்க.”

“நேரா போறப்பவா?”

“ஆமாங்க. பைபாஸ்ல எவனும் பக்கத்துல வர முடியாதுங்க.”

“மேட்டுல இருந்து ஒரு கல்லைத் தள்ளி உட்டாக்கூட நேரா, வேகமாத்தான் போவும். அதுக்கும் நாலு சக்கரம் மாட்டிக் காருன்னு சொல்லிரலாமா? திரும்பறதுதான் தம்பி வண்டி. எழுபது வளைவும் திரும்பி அதை எங்க ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்து. அன்னிக்கே தாம்பூலம் மாத்திக்கலாம். இல்லீன்னா எம்புள்ளைய மறந்துரு.”

இதோ, கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கதவோரம் நின்ற ஹேமலதா காரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பூபதி ஒரு சொம்புத் தண்ணீரோடு காரைச் சுற்றி வந்தார். மலையேறிய வண்டியின் இன்ஜின் மூடிமேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்ப்பது அவருடைய பழைய வழக்கம். ஆவி பறக்கிற பறப்பிலேயே ஓட்டியவன் எப்படி ஓட்டினான் என்று சொல்லிவிடுவார்.

“இதுக்கு இன்ஜின் பின்னாலீங்க மாமா” என்று மரியாதையாகத் திருத்தினான் அருள்பிரகாஷ்.

பின்னால் போய்த் தெளித்தார். தண்ணீர் பாட்டுக்கு வழிந்து தரையில் சொட்டியது.

“என்ன தம்பி, ஆவியவே காணோம்?”

“வெளிநாட்டு இன்ஜினுங்க. லேசுல சூடாவாதுங்க.”

“அட சாமி! எம் பஸ்ஸு இருவதாவது வளைவுலயே பொங்கிருமே!” பூபதி கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. வெளிநாட்டுக்காரன் இன்ஜினின் சூட்டையே ஒழித்துவிட்ட சேதி, மலைமேல் இருந்ததால் அவருக்கு வந்து சேரவில்லை போலும்.

“அது கெடக்கட்டும். அம்பதைத் தாண்டுனா ஒவ்வொண்ணும் கிறுக்குப் புடிச்ச வளைவாச்சே. சிரமப்படலயா?”

“துளிகூட இல்லீங்க. மேல உக்காந்துக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்த மாதிரி இருந்துச்சுங்க. கொரங்குக்குக்கூட ரெண்டு வாழைப்பழம் போட்டேனுங்க.”

அப்பா சொம்பை வைக்க உள்ளே திரும்பிய நேரத்தில் ஹேமலதா கிசுகிசுத்தாள். “நெசமாச் சொல்லு. ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தாலே சாமி கும்புடுவியே. நீ எப்படி வந்த?”

“உம்மேல சத்தியமா ஹேமா. காரவள்ளியில ஸ்டீயரிங்கைப் புடிச்சவன், இங்க வந்துதான் கையை எடுத்தேன்.”

முகத்தில் பொய்யின் சாயலே இல்லை. அவளும் நம்பினாள். பாவம், சந்தோஷத்தில் இருக்கிற பெண் எதைத்தான் நம்பமாட்டாள்?

பூபதி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். முப்பது வருடக் கர்வத்தை அந்தத் துண்டாலேயே துடைத்துப் போட்டவர் மாதிரி முகம் கனிந்திருந்தது.

“தப்பு எம்மேலதான் மாப்ள. திரும்பறதுதான் வண்டின்னு ஊரெல்லாம் பேசிட்டுத் திரிஞ்சேன். மூணு செகண்டு இருந்தா வளைவெல்லாம் தானா வழி உட்டுருமாட்ட இருக்குது. ஏ கருப்பாத்தா, தட்டை எடுத்துட்டு வா!”

மனைவி கருப்பாத்தாள் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு தட்டைக் கொண்டுவந்தாள். “எங்க ஊட்டுக்காரரு ஒருத்தரை டிரைவருன்னு ஒத்துக்கிட்டதை இன்னிக்குத்தான் கண்ணு பாக்கறேன்” என்று சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பூபதி கிழக்குப் பார்த்து நின்று தட்டை நீட்டினார். அருள்பிரகாஷ் குனிந்து இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்தான். பூபதியின் பிடி இன்னும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பழைய லாரி முக்கி முனகிக்கொண்டு சந்துக்குள் நுழைந்து, சிவப்புக் காருக்குப் பின்னால் வந்து நின்றது. மலைப் பழங்களைச் சந்தைக்கு இறக்குகிற வேல்முருகனின் லாரி. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் அது போய் யாரும் பார்த்ததில்லை.

“வாடா வேல்முருகா, நல்ல நேரத்துல வந்த. எங்க மாப்ளையப் பாத்தியா?” என்றார் பூபதி, பெருமை தாளாமல்.

வேல்முருகன் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டு, அருள்பிரகாஷைப் பார்த்து வெள்ளந்தியாகக் கேட்டான்.

“ஏனுங்க, காரைக் கீழ எறக்கறதுக்கும் நம்ம லாரிதானுங்களா, இல்ல நான் பலாப்பழம் ஏத்திக்கட்டுங்களா?”